பேத்தி முறைக்கு அழுதவள்

— நீ அழுகுறியா, விக்கல் எடுக்குறியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லிட்டுச் செய்யி முகேஷு.

— அழுகறேன், வினோலியா.

— இதுக்குப் பேரு அழுகையா? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல தக்காளி வெல எறங்குனாக்கூட உங்க ஊரு ஆளுக இதவிட நல்லா அழுவாங்கலே. ஐயோ மாதாவே! ரெண்டு வருஷம் எம்.ஏ. நடிப்பு படிச்சவன் தோள மட்டும் குலுக்கிக்கிட்டு நிக்கிறான். திங்கக்கிழமை வெளியூர்ல இருந்து எக்ஸாமினர் வாராரு. குரூப் ப்ராஜெக்ட், நாலு பேருக்கும் ஒரே மார்க்கு. உன் விக்கலுக்கு நானும் சேந்து ஃபெயிலாகணும்.

— என்ற அழுகைய விடு புள்ள. அதாகப்பட்டது, இப்ப அது பிரச்சினையில்ல. கருப்புசாமியண்ணன் காலையில இருந்து நாலு தடவ உனக்குப் போன் அடிச்சுட்டாரு. நீ எடுக்கோணும். எடுத்து, "நான் உங்க அக்கா மக இல்லீங்க, சாவு வீட்டுல எப்படி அழுகறாங்கன்னு பாக்க வந்த காலேஜ் புள்ளை"ன்னு சொல்லிப்போடோணும்.

— சொல்ல மாட்டேன்.

— நாளைக்குப் பதினாறாம் நாள், தாயி! அங்க உனக்குச் சேலை எடுத்து வெச்சுட்டு உக்காந்திருக்கறாங்க.

— அதனாலதான் சொல்ல மாட்டேன். நம்ம நாடகத்துக்குக் கடைசித் துண்டு இல்ல. குளிப்பாட்டுறது இருக்கு, கோடி போடுறது இருக்கு, தூக்குறது இருக்கு. அப்புறம்? விளக்க அணைச்சுட்டு எல்லாரும் டாட்டா காட்டவா? நாளைக்குப் போறேன். சேலைய வாங்குறேன். குடுக்கும்போது அந்தக் கிழவி சேலைய எந்தக் கையால நீட்டுதுன்னு பாக்குறேன். வந்து லாக்புக்ல எழுதுறேன். கடைசித் துண்டு ரெடி.

— வெக்கமா இல்லையா உனக்கு?

— விக்கல் எடுத்து அழுகுறவன் என்னப் பாத்துக் கேக்குற கேள்வியா இது?

— ஏத்தா, கதவு தொறந்துதான் கெடந்துச்சு. உள்ள வரலாமா?

— யாரு? வாங்கக்கா, வாங்க. ஏலே முகேஷு, சார் சொன்னாருல்ல, நாடகமே பாக்காத ஒரு வெளியாள அனுப்புறேன், எக்ஸாமினருக்கு முன்னாடி அவங்களுக்குக் காட்டுங்கன்னு. அவங்கதான். அக்கா, அந்தோணிமுத்து சார்தான அனுப்புனாரு?

— ம். வரச் சொன்னாக. வினோலியாங்கறது…

— நான்தான். பேரெல்லாம் சொல்லி அனுப்பிட்டாரா?

— பேரு தெரியும். எம் பேரு அமலராணி. சித்தையன்கோட்டையில தையல் மிசின் போட்டிருக்கேன். என்னப்பு இது, இம்புட்டு நாத்தமா இருக்கு?

— தோல் ஷாப்புக் கிட்டங்கிங்கக்கா, பதம் பண்ணுன தோல அடுக்கி வெச்சிருந்த எடம். இப்ப ஓடறதில்ல. அப்துல் சுக்கூர் பாய் ஒத்திகைக்குச் சும்மா விட்டிருக்காரு. அஞ்சு நிமிஷத்துல மூக்கு பழகிப்போயிருமுங்க. இப்படி உக்காருங்க. செவுரு பாருங்க, எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்றேன்.

— ஆரம்பிச்சுட்டான். அக்கா, இவன்கிட்ட மணி என்னன்னு கேட்டா கடிகாரத்தக் கழட்டிக் காட்டுவான்.

— காட்டட்டும். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. சொல்லுப்பு. எழுதி வச்ச கதையா இது?

— இல்லீங்க. அதுதான் இதுல விசேஷம். கதைன்னு ஒண்ணு யாரும் எழுத மாட்டாங்க. இன்னைக்கு வராத ரெண்டு பேரோட நாங்க நாலு பேரும் சேந்து ஒரு விஷயத்த எடுத்துக்குவோம். நாங்க எடுத்தது சாவு வீடு. அப்புறம் ஆளுக்கொரு நோட்டோட நெசமான சாவு வீட்டுக்குப் போயி, ஓரமா நின்னு பாக்கோணும். தலைமாட்டுல யாரு உக்காருறாங்க, கால்மாட்டுல யாரு, யாரு கைய எங்க வெச்சிருக்காங்க, டீ வந்தா அழுகை எத்தன நிமிஷம் நிக்குது…

— அதையுமா எழுதுவீக?

— மூணு வீட்டுல நாலரை நிமிஷமுங்க. ஒரு வீட்டுல மட்டும் டீ வந்த பின்னாடி அழுகை ஜாஸ்தி ஆயிருச்சு.

— சீனி போட மறந்திருப்பாக.

— ஐ, அக்கா பேசுறாங்கலே! பரவால்ல, சார் நல்ல ஆளாத்தான் அனுப்பியிருக்காரு.

— அட, கேளுங்க. பாத்துட்டு வந்தத இங்க ஒடம்புல செஞ்சு காட்டோணும். மத்த மூணு பேரும் நம்பினாத்தான் அது துண்டு. நம்பலைன்னா குப்பை. துண்டு ஆனத ஒரு சீட்டுல எழுதிச் செவுத்துல ஒட்டுவோம். அங்க இருக்குதுங்க பாருங்க, முப்பத்தியொரு சீட்டு. அதையே மாத்தி மாத்தி ஒட்டிப் பாப்போம். எந்தத் துண்டுக்குப் பின்னால எது வந்தா பாக்கறவங்க போன எடுத்துப் பாக்க மறந்து போறாங்களோ, அதுதான் வரிசை. கண்ணால பாக்காதத எவனும் சேக்கக் கூடாது. அது எங்க சட்டம்.

— நல்ல சட்டம்தான். அப்பச் செத்தவனா யாரு நடிக்கிறது? செத்துப் பாத்துட்டு வரணுமே.

— இவன்தாங்க்கா பொணம். அதுல மட்டும்தான் இவன் நடிப்பு எடுபடும்.

— அது லேசுன்னு நெனச்சுக்காத புள்ள. அக்கா, பொணத்துக்குத்தானுங்க மூச்சு வேல அதிகம். நெஞ்சு ஏறி எறங்குனாப் பின்னால உக்காந்திருக்கற சின்னப் பையனுக்குக்கூடத் தெரிஞ்சு போயிரும். அதனால மூச்சக் கீழ எறக்கி முதுகுப் பக்கமா இழுக்கோணும். முதுகு தரையில கெடக்குதுல்ல, அங்க நடக்கறது யாருக்கும் தெரியாது. நாப்பது நிமிஷம் அப்படிக் கெடப்பேன். ஈ மூக்குல உக்காந்தாக்கூட…

— சரிலே பொணம், போதும். எந்திரிச்சு உக்காரு.

— இம்புட்டும் எதுக்கு? செத்த வீட்ட ஊரு பூராத்தான் பாத்திருக்கு. அதப் போயி காசு குடுத்துப் படிக்கிறீகளே, வேற வேல வெட்டி இல்லையா?

— எங்கப்பாவும் இதத்தாங்க்கா கேக்குறாரு. அவரு ஸ்கூல் வாத்தியாரு. ஊருல இருக்குற அத்தனை பேருக்கும் புத்தி சொல்லி முடிச்சுட்டு மிச்சத்த எங்கிட்ட சொல்லுவாரு.

— எந்த வீட்டுக்குப் போனீக?

— நாலு வீடுங்க. எங்க சாவு விழுந்தாலும் பந்தல்காரர் முத்துச்சாமியண்ணன் எங்களுக்குப் போன் போட்டுருவாரு. பந்தலுக்குக் குழி நோண்டறதுக்கு முன்னாடி நாங்க போயி நிப்போம். கடைசியாப் போனது குஜிலியம்பாறைப் பக்கமுங்க. ஒரு பெரியவரு. அங்கதான் இந்த மகராசி ஒரு காரியம் பண்ணி வெச்சா.

— என்ன காரியம்?

— ஒண்ணுமில்லக்கா. நல்லா அழுதுட்டேன். அதான் நான் செஞ்ச குத்தம்.

— நல்லா அழுதது குத்தமில்ல. யாருன்னு சொல்லி அழுதங்கறதுதான் குத்தம். அக்கா, அந்தப் பக்கத்துல பொம்பளைங்க எப்படி அழுதுக்கிட்டு வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, சொல்றேன். அழுகை வீட்டுக்குள்ள ஆரம்பிக்காதுங்க. தெருமுக்குல ஆரம்பிக்கும். முதல் வரியிலயே முறைய வெச்சிருவாங்க. மக அழுதா ஒரு வரி, மருமக அழுதா ஒரு வரி, தங்கச்சிக்கு ஒரு வரி. உள்ள வட்டமா உக்காந்திருக்கற பொம்பளைங்க தலையத் தூக்கிப் பாக்க மாட்டாங்க. வரியக் கேட்டாங்கன்னா வர்றது யாருன்னு தெரிஞ்சு போயிரும். அதுக்குத் தக்க வட்டத்துல எடம் விடுவாங்க.

— தெரியும். மேல சொல்லு.

— இவ தெருமுக்குல நின்னா. முந்தானைய வாயில கவ்வுனா. எடுத்தா பாருங்க ஒரு வரி. "என்னப் பெத்தவளப் பெத்தாரே"ன்னு.

— அது மக வயித்துப் பேத்தி அழுகுற வரியாச்சே.

— அதேதானுங்க! அந்த வரிய வேற யாரும் தொடக் கூடாது. இவளுக்கு அது தெரியாது.

— தெரியாம என்ன? தேவையில்லைன்னு விட்டேன். ஒரு மாசமா ரெக்கார்டு பண்ணுன இருபது வரியில, மூச்சு முறியாம ஒரே இழுப்புல போறது அது ஒண்ணுதான். நடிக்கிறவளுக்கு மூச்சு முக்கியம். முறையெல்லாம் ரேஷன் கார்டுல பாத்துக்கட்டும்.

— பாத்துக்கிட்டாங்கல்ல! அந்தப் பெரியவருக்கு மகன் வழியில பேரன் பேத்தி உண்டு, அவங்க எல்லாம் அங்கயே இருக்காங்க. மக ஒண்ணே ஒண்ணு. பொன்னழகுன்னு பேரு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால சர்ச்சுக்குப் போற ஒரு வேதக்காரரக் கட்டிக்கிட்டு ஓடிப் போனவங்க. அப்பறம் பேச்சுவார்த்தை கெடையாது. இப்ப மக வழிப் பேத்தி முறைக்கு ஒரு புள்ள அழுதுக்கிட்டு வருதுன்னா, அந்தச் சனம் என்ன நெனைக்கும்?

— வட்டம் தொறந்துச்சா?

— அப்படியே ரெண்டாப் பொளந்துச்சுங்க. நடுவுல இருந்து அந்தப் பாட்டி எந்திரிச்சு, "எம் பொன்னழகு மக வந்துட்டா"ன்னு ஒரு கத்து. பேரென்ன ஆத்தான்னு கேட்டாங்க. இவ வினோலியான்னா. வேதக்காரப் பேரு! சுத்தி இருந்த பொம்பளைங்க எல்லாம் "ஐயோ"ன்னு ஒரே கொரல்ல விழுந்தாங்க. ஆதார் கார்டக் காட்டியிருந்தாக்கூட அப்படி நம்பியிருக்க மாட்டாங்க.

— நான் எங்க பொய் சொன்னேன்க்கா? பேரு கேட்டாங்க, சொன்னேன். என்ன படிக்கிறேன்னு அந்தக் கருப்புசாமி கேட்டாரு. நடிப்புன்னேன், தோல் ஷாப்புக் கிட்டங்கியில ஒத்திகைன்னேன். அதையும்தான் உள்ளபடி சொன்னேன்.

— உங்கம்மா நம்பரு குடுன்னும் கேட்டாரு. அதுக்கு என்ன சொன்ன? "எங்கம்மா பேசாதுங்க மாமா"ன்ன. மாமா!

— பின்ன, சித்தப்பான்னா கூப்பிட முடியும்?

— அந்தப் பக்கத்து அழுகையப் பாத்துட்டு வந்தேன்னுட்டு, முந்தானையக் கவ்வுனியாக்கும் பாப்பா? எங்க, கவ்விக் காட்டு.

— இந்தா, இப்படி.

— கேவலமா இருக்கு. குஜிலியம்பாறையில எந்தச் சிறுக்கி முந்தானைய வாயில வப்பா? வாயப் பொத்துனா வரி எப்படி வெளிய கேக்கும்? முந்தானை மூக்குக்கு. வாயி ஊருக்கு.

— எழுதிக்கலாமுங்களா அக்கா? மூக்குக்கு… வாயி… ஊருக்கு. ஏனுங்கக்கா, உங்களுக்கு எப்படி இம்புட்டு வெவரமா?

— அந்தப் பக்கம் பொறந்தவதான். பாப்பா, ஒண்ணு கேக்குறேன். ஆள் மாறிப் போச்சுன்னு தெரிஞ்ச ஒடனே ஏன் வாயத் தொறக்கல?

— தொறந்திருப்பேன். ஆனா அந்தக் கிழவி என் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதுச்சு பாருங்க, அந்த மாதிரி ஒரு அழுகைய ரெண்டு வருஷத்துல எந்த வாத்தியாரும் எங்களுக்குக் காட்டல. நான் வாயத் தொறந்தா அது நின்னு போகும். நிப்பாட்ட மனசு வரல. உள்ளுக்குள்ள ஒருத்தி நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தா.

— என்ன சொல்லி அழுதாக?

— கடைசிச் சீட்டுக்கு முந்தின சீட்டு அது. செஞ்சே காட்டுறேன். நீங்க அசையாம உக்காருங்க, நீங்கதான் நான். நான்தான் கிழவி. முகேஷு, தள்ளுலே.

— எங்க உக்காரணும்?

— இப்படியே. பயப்படாதீங்க. கிழவி ரெண்டு கையால கட்டிக்கல. இடது கைய முதுகுல போட்டுச்சு. வலது கைய இப்படிப் பின்மண்டையில வச்சுச்சு. வச்சுட்டு கட்டை வெரலால காது மடல இப்படித் தேச்சுக்கிட்டே இருந்துச்சு. அழுகை ஏறுறப்ப வெரல் நிக்கும். எறங்குறப்ப திரும்பத் தேய்க்கும்.

— காது மடலயா?

— ஆமா. ஏங்க்கா, அது அங்க வழக்கமா?

— சில பேரு… சின்னப் புள்ளைகளத் தூங்க வைக்கச் செய்வாக. நீ சொல்லு.

— "உங்காத்தா போன அன்னைக்கு நான் முழிச்சுத்தாண்டி கெடந்தேன். கொலுசக் கழட்டுனா. திருகு எறங்குற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. ஒரு கால் கழட்டுனா, மறு கால் கழட்டுனா. உந் தாத்தன எழுப்பணும்னு வாய்க்கு வந்துச்சு. எழுப்பல ஆத்தா. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். போறவ போயிப் பொழைக்கட்டும்னு திரும்பிப் படுத்தேன். அத நான் எங்க போயிச் சொல்லுவேன், யார்கிட்ட சொல்லுவேன்…"

— கேட்டுச்சாமா?

— என்னது?

— கொலுசு கழட்டுனது. கேட்டுச்சுன்னா சொன்னாக?

— ஆமா. அதுதான் அந்தத் துண்டோட உயிரே. பாத்தியாலே முகேஷு, அக்கா மூஞ்சியப் பாரு. வெளியாளுக்கே வேல செய்யுது. விக்கல் எடுக்காம அழுதா இப்படித்தான்.

— அக்கா, தண்ணி குடிக்கறீங்களா?

— வேண்டாம்ப்பு. இந்த நாத்தம்… செத்த நேரத்துல சரியாயிரும். நாளைக்கு அந்த வீட்டுக்குப் போறேன்னியே பாப்பா, போயி என்ன செய்வ?

— பொறந்த வீட்டுச் சேலைய வாங்குவேன். அந்த அக்கா ஓடிப் போன பின்னாடி பொங்கலுக்கு, ஆடிக்கு எதுக்குமே ஒரு துணி குடுத்தனுப்பலையாம். எல்லாத்துக்கும் சேத்து ஒரு சேலை. மக கையில சேத்துருன்னு பேத்தி கையில குடுக்குறாங்க. கூட வீட்டுக்குள்ள வந்து போற பாத்தியமும். அதாவது, இனி அந்த வாசல் தொறந்திருக்கும்னு நாலு பேரு முன்னாடி சொல்லுவாங்களாம்.

— வாங்குன பின்னாடி?

— நாடகத்துல கட்டுவேன்.

— நாடகம் முடிஞ்ச பின்னாடி?

— இதென்ன கேள்வி? காஸ்ட்யூம் பெட்டியில போடுவேன்.

— ம்.

— ஏங்க்கா, இப்படிப் பாக்குறீங்க?

— பாக்கத்தான வந்திருக்கேன்.

— நீங்களும் இவன மாதிரியே பேசாதீங்க. நான் யாரு சொத்தையும் புடுங்கலக்கா. அந்தப் பொன்னழகப் பேசுங்களேன்! பெத்த அப்பன் செத்துப் பதினஞ்சு நாளாச்சு. எங்க இருந்தா என்ன, குஜிலியம்பாறை அமெரிக்கா தூரமா? டவுன் பஸ் போகுது. எட்டிப் பாத்தாளா? நான் யாரு எவருன்னே தெரியாத ஒரு கெழவனுக்காகத் தொண்டை கிழிய அழுதேன். பெத்த மக எங்கயோ உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருந்திருப்பா. சேலைக்கு அவளவிட எனக்குத்தான் பாத்தியம் அதிகம்.

— ஏம் புள்ள, அவங்களுக்கு யாராவது சொன்னாங்களான்னு உனக்குத் தெரியுமா?

— சொன்னாலும் வந்திருக்க மாட்டா. ஓடிப் போற ஆளுக்குத் திரும்பி வரத் தெரியாது.

— நீ நடிச்சதுலயே இப்பப் பேசுனதுதான் மட்டம். அந்தப் பாட்டிக்கு அறுபத்தெட்டு வயசு. நீ நாளைக்குப் போவ, திங்கக்கிழமை பரீட்சை முடியும், அப்பறம் அவங்க போன எடுக்க மாட்ட. அவங்களுக்கு மறுபடியும் ஒரு புள்ள ஓடிப் போகும். அதையும் ஒரு சீட்டுல எழுதி ஒட்டு. நீ போறதா இருந்தா நான் திங்கக்கிழமை பொணமாப் படுக்க மாட்டேன். நாலு பேரும் ஃபெயிலாகிக்கலாம்.

— மிரட்டுறியாலே?

— ஆமாங்கறேன்.

— அக்கா, நீங்களே சொல்லுங்க. வெளியாளுதான நீங்க. இவன் சொல்றது சரியா, நான் சொல்றது சரியா?

— நான் என்ன சொல்ல? உன் வேல, உன் மார்க்கு.

— சே! ரெண்டு பேரும் கோயில் கதவு மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு… சரி. சரிலே. போடுறேன் போனு. "நான் உங்க அக்கா மக இல்ல, திருட்டுச் சிறுக்கி, சேலைய வேற யாருக்காவது குடுங்க"ன்னு சொல்றேன். கடைசித் துண்டு இல்லாமப் போகட்டும். உனக்குச் சந்தோசமா? எங்க நம்பரு… கருப்புசாமி மாமா… இந்தா, ரிங்கு போகப் போகுது.

— வை.

— என்னக்கா?

— போன வையி பாப்பா. அவன் எடுக்கக் கூடாது. வையின்னா வையி.

— வச்சுட்டேன். ஏன்? நீங்கதான இம்புட்டு நேரம் என்ன மொறச்சுக்கிட்டு இருந்தீங்க?

— அவன் எந் தம்பி.

— யாரு?

— கருப்புசாமி. நான் போறப்ப அவனுக்குப் பதினஞ்சு வயசு.

— அக்கா! அப்படின்னா… ஏனுங்கக்கா, அந்தோணிமுத்து சாரு உங்கள…

— எந்தச் சாரையும் எனக்குத் தெரியாதுப்பு. வரச் சொன்னது அவன்தான். "உம் மக தோல் ஷாப்புக் கிட்டங்கியில ஒத்திகை பாக்குறாளாம், போயிப் பேசிக் கூட்டிக்கிட்டு நாளைக்கு வந்துரு"ன்னான். அமலராணிங்கறது ஞானஸ்நானத்துல வச்ச பேரு.

— அக்கா, நான்… டிவி பாத்துக்கிட்டுன்னு… வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்?

— உனக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. யாரு சொன்னா எனக்கு? என் நம்பர அவன் எங்கெங்கயோ விசாரிச்சு முந்தாநாள்தான் அடிச்சான். "அப்பா போயிப் பதிமூணு நாளாச்சு. உம் மக வந்து அழுதுட்டுப் போறா, உனக்கு வர மனசில்லையா"ங்கறான். அப்பா செத்ததும், எனக்கு ஒரு மக இருக்கறதும் ஒரே போன்ல தெரிஞ்சுச்சு.

— அக்கா, நாங்க ரெண்டு பேரும் இப்பவே உங்க கூட வர்றோமுங்க. பாட்டி கால்ல விழுந்து நடந்ததச் சொல்லிப்போடறோம். உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு…

— சொன்னா வாசல சாத்திருவாகப்பு. அவுக வழி விட்டது எனக்கில்ல. தாத்தனுக்காகத் தெருமுக்குல இருந்து அழுதுக்கிட்டு வந்த பேத்திக்கு. ஊரே அவளத்தான் பாத்துச்சு. அந்தப் பேத்தி பொய்யின்னா, அவளப் பெத்தவளும் பழையபடி ஓடிப் போனவதான்.

— அப்ப உங்க சொந்த மகளையே கூட்டிட்டுப் போங்கக்கா. எங்க வயசு இருக்கும்ல? என்ன செய்யணும், எப்படி உக்காரணும்னு நான் எல்லாம் சொல்லிக் குடுக்குறேன்.

— எனக்குப் புள்ளையே இல்ல பாப்பா. ஆனா ஆத்தா போன வாங்கி, "அவ உம் மகதானடி?"ன்னு கேட்டப்ப, "ஆமாத்தா"ன்னு சொல்லிப்புட்டேன். நாளைக்குக் காலையில ஏழு மணி பஸ்சு. அதுக்குள்ள, பெத்தவ மகளோட சேந்து எப்படி நடந்து வருவான்னு எனக்குச் சொல்லிக் குடு.